ஏழ்மைக்குக் கோடு கிழித்தவர்கள்

ஒருவன் ஏன் ஏழையாக இருக்கிறான்? 1834இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்தக் கேள்விக்கான பதிலைச் சட்டமாகவே எழுதிவைத்தது. உடம்பில் வலுவிருந்தும் உழைக்க மனமில்லாதவனே ஏழையாகிறான். வீட்டிலிருந்தபடியே உதவி கிடைத்தால் அவன் இன்னும் சோம்பிப்போவான். ஆகவே உதவி கேட்பவர்கள் ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழையர் விடுதிக்குள் வந்துவிட வேண்டும். வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் பிழைப்பைவிட அங்குள்ள பிழைப்பு மோசமாக இருக்க வேண்டும். புதிய ஏழையர் சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். விடுதிக்குள் நுழைந்த குடும்பத்தில் கணவன் ஒரு கூடத்துக்கும், மனைவி இன்னொரு கூடத்துக்கும், பிள்ளைகள் வேறொன்றுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1901இல், யார்க் நகரத்துச் சாக்லேட் முதலாளி ஒருவரின் மகன் ஒரு நூலை வெளியிட்டார். அந்நகரில் வயிற்றுக்கே போதாத வறுமையில் கிடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தவறாமல் வேலைக்குப் போய்க் கூலி வாங்கிவரும் குடும்பத் தலைவரின் வீடுகளில் இருந்தார்கள் என்பது அதில் கண்ட கணக்கு. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே விக்டோரியா காலத்துச் சமூக ஆய்வு முழுவதும் அடங்கிவிடுகிறது. அறியாமையிலிருந்து அறிவுக்கு நேராகப் போட்ட சாலையாக அதைக் காட்டுவது பாடநூல்களின் வழக்கம். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. இந்த ஆய்வாளர்களில் பலரும் ஏழையின் குணத்தை எடைபோடக் கிளம்பியவர்கள். எண்ண எண்ண, கூலியும் வேலையின் நிலையாமையும்தான் அவர்கள் கையில் சிக்கின. அந்த லாபத்துக்கு ஒரு விலையும் இருந்தது. கணக்கு துல்லியமாக ஆக, ஏழை தன் வாயால் பேசுவது குறைந்துகொண்டே வந்தது.

முதலில் கிளம்பியவர்கள் மருத்துவர்களும் புள்ளிவிவரச் சங்கத்தாரும். 1832இல் மான்செஸ்டரைக் காலரா தாக்கியபோது அங்கே மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் கே, பருத்தி ஆலைத் தொழிலாளரின் உடல்நிலையையும் ஒழுக்கத்தையும் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். நூலின் பெயரிலேயே உடலோடு ஒழுக்கமும் இருந்தது. அழுக்கைப் பார்த்த கண், அதை அயர்லாந்திலிருந்து வந்த கூலிகளின் பழக்கம் என்றும் பார்த்தது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரிலும், 1834இல் லண்டனிலும் புள்ளிவிவரச் சங்கங்கள் தோன்றின. மான்செஸ்டர் சங்கம் வீடு வீடாக ஆளனுப்பிக் கணக்கெடுத்தது.

எட்வின் சாட்விக் இவர்களில் வேறு வகை. 1834 சட்டத்தை வடித்தவர்களில் முக்கியமானவர் அவர். அவரே 1842இல் தொழிலாளர் குடியிருப்புகளின் சுகாதாரம் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். அதில் ஓர் அட்டவணை இன்றும் திடுக்கிட வைக்கிறது. மான்செஸ்டரில் இறந்த கனவான் குடும்பத்தாரின் சராசரி வயது 38. தொழிலாளர் குடும்பத்தாருக்கு 17. ரட்லண்ட் என்ற நாட்டுப்புற மாவட்டத்திலோ விவசாயக் கூலிகளின் குடும்பத்தாருக்கே அது 38. (17 வயதில் எல்லாரும் செத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் மிகுந்த ஊரில் இந்தச் சராசரி இன்னும் தாழ்ந்து தெரியும். சாட்விக் இந்த நுணுக்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.) அவர் கண்ட எதிரி, சாக்கடை. நோய் வந்து தகப்பன் செத்தால் விதவையும் பிள்ளைகளும் அரசாங்கத்தின் தலையில் விழுகிறார்கள். எனவே சாக்கடையைச் சரிசெய்வது செலவைக் குறைக்கும். வாதம் கெட்டியானது; அதனால் பல ஊர்களுக்கு நல்ல தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் வந்தன.

ஆனால் பசி அந்தக் கணக்கில் சேரவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரப் பொறுப்பிலிருந்த வில்லியம் ஃபார், சில சாவுகளுக்குப் பட்டினியே காரணம் என்று பதிவுசெய்தார். சாட்விக் கொதித்துப்போனார். புதிய ஏழையர் சட்டம் இருக்கும் நாட்டில் ஒருவன் பட்டினியால் சாவதெப்படி? பட்டினி நேராகக் கொல்வதைக் காட்டிலும் நோய்களின் வேடத்தில் வந்து கொல்வதே அதிகம் என்பது ஃபாரின் பதில். 1830களின் இறுதியில் நடந்த இந்தச் சச்சரவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சாவுக்கான காரணங்களின் பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே அரசியல் தொடங்கிவிடுகிறது.

எங்கெல்ஸைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாயிற்று. 1842இல், தந்தை பங்காளிகளோடு நடத்திய நூற்பாலையில் வேலை பார்க்க மான்செஸ்டர் வந்த இருபத்திரண்டு வயது இளைஞர் அவர். தொழிலாளர் தெருக்களில் நடந்தும், அதிகாரிகளின் அறிக்கைகளைத் துருவியும் எழுதிய நூல் 1845இல் ஜெர்மன் மொழியில் வந்தது. பெரிய சாலைகளில் கடைகள் வரிசைகட்டி நின்று, பின்னாலிருக்கும் சேரிகளை வண்டியில் போகும் முதலாளியின் கண்ணில் படாமல் மறைக்கின்றன என்று அவர் கவனித்தது நகரமைப்பு பற்றிய முதல்தரமான அவதானிப்பு. இருந்தாலும் அந்த நூல் ஆங்கிலத்தில் வர 1887 வரை ஆயிற்று. அதுவும் நியூயார்க்கில்தான் வந்தது. விக்டோரியா காலத்து ஆங்கில வாசகர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு நூல் இருப்பதே தெரியாது.

அவர்கள் படித்தது ஹென்றி மேஹ்யூவை. ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் மேஹ்யூ; நாடகம் எழுதியவர், கடனில் மூழ்கியவர், எதையும் முடிக்காமல் விடுகிறவர். 1849இல் லண்டனில் மறுபடி காலரா. பெர்மண்ட்சியில் சாக்கடை நீர் சூழ்ந்த ஜேக்கப்ஸ் ஐலண்ட் என்ற பகுதியைப் பற்றி அந்த ஆண்டு செப்டம்பரில் ‘மார்னிங் கிரானிக்கிள்’ நாளிதழில் அவர் எழுதிய கட்டுரை பரபரப்பாகியது. அடுத்த மாதமே அந்த இதழ் நாடு தழுவிய ஒரு தொடரை ஆரம்பித்து, லண்டனை அவர் கையில் கொடுத்தது. 82 கடிதங்கள் எழுதினார்.

மேஹ்யூ செய்த காரியம் எளியது. ஆனால் அவருக்கு முன் அதை அந்த அளவில் செய்தவர்கள் அரிது. ஏழையிடமே போய் உட்கார்ந்து, என்ன வேலை, எவ்வளவு கூலி, அதில் எவ்வளவு பிடித்தம், வாடகைக்கு எவ்வளவு, போன குளிர்காலத்தில் எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டார். அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதினார். தையல்காரர், நெசவாளர், சட்டை தைக்கும் பெண்கள், தேம்ஸ் நதியின் சேற்றில் இறங்கி நிலக்கரித் துண்டும் கயிறும் பொறுக்கும் சிறுவர்கள், தோல் பதனிடும் இடங்களுக்கு விற்பதற்காகத் தெருவில் நாய்ப்பீ பொறுக்கும் கிழவிகள். நீரோடைகளில் விளையும் ஒருவகைக் கீரையைக் கட்டுக் கட்டாக விற்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நாளைக்கு மூன்று நான்கு பென்ஸ் சம்பாதிப்பதையும், தான் இனிமேல் குழந்தையில்லை என்பதையும் அவரிடம் பெரியமனுஷித் தோரணையில் சொன்னாள். பொம்மை, பூங்கா என்று பேச்சைத் தொடங்கப் பார்த்த மேஹ்யூ அவள் முன் திணறிப்போனதும் அந்தப் பக்கத்தில் தெரிகிறது.

கப்பல் துறைகளில் அவர் கண்டது இன்னும் ஆழமானது. விடியற்காலையில் வாசலில் நூற்றுக்கணக்கானோர் முண்டியடிப்பார்கள். மேஸ்திரி கூப்பிடும் பெயர் தன் பெயராக இருக்க வேண்டுமே என்று கையை உயர்த்தித் துள்ளுவார்கள். கீழைக்காற்று சில நாள் தொடர்ந்து அடித்தால் கப்பல்கள் துறைக்கு வந்துசேர முடியாது. ஆயிரக்கணக்கான வீடுகளில் உலை ஏறாது. உழைக்க ஆசைப்படுகிறவன் காற்றின் திசையால் பட்டினி கிடக்கிறான் என்று காட்டியபிறகு சோம்பேறித்தனம் பற்றிய தத்துவத்துக்கு என்ன மிச்சம்? மாதம் முழுக்க ஒரே சீராக வேலை இல்லாதவனிடம் சிக்கனத்தை எதிர்பார்ப்பது வீண் என்பதையும் மேஹ்யூ புரிந்துகொண்டார். குடிக்கும் சூதுக்கும் அவர் கொடுத்த விளக்கத்தில் குணத்தைவிட வேலையின் ஒழுங்கின்மைக்கே இடம் அதிகம்.

இதழோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. விளம்பரம் கொடுத்துவந்த ஓர் ஆடை நிறுவனத்தைப் பற்றிய விமர்சனம், சுதந்திர வணிகம் பற்றிய கருத்து வேறுபாடு என்று 1850இல் சண்டை முற்றி வெளியேறினார். ‘லண்டன் உழைப்பும் லண்டன் ஏழைகளும்’ என்ற பெயரில் தாமே வாராவாரம் இரண்டு பென்ஸுக்கு வெளியிட்டார். 1861-62இல் அது நான்கு தொகுதிகளாக வந்தது. மேஹ்யூவை நான் கொண்டாடினாலும் அவரை முனிவராக்க விரும்பவில்லை. உலக மக்களை நாடோடிக் குலம், நிலைகொண்ட குலம் என்று இரண்டாகப் பிரித்து, லண்டன் தெரு வியாபாரிகளை நாடோடிக் குலத்தில் சேர்த்துத்தான் அந்த நூலை அவர் ஆரம்பிக்கிறார். பக்கம் புரளப் புரள, அந்த வகைப்பாட்டை அவர் சந்தித்த மனிதர்களே உடைத்துப்போடுகிறார்கள். அவர் கணக்கும் முடியவில்லை. லண்டனில் மொத்தம் எத்தனை ஏழைகள் என்ற கேள்விக்கு மேஹ்யூவிடம் பதிலில்லை. 1887இல் அநேகமாக மறக்கப்பட்ட மனிதராக இறந்தார்.

அதே 1887இல், மே மாதம், ராயல் புள்ளிவிவரச் சங்கத்தில் சார்ல்ஸ் பூத் என்ற கப்பல் முதலாளி கிழக்கு லண்டன் பற்றித் தம் முதல் கட்டுரையைப் படித்தார்.

இடைப்பட்ட காலத்தில் லண்டன் மாறியிருந்தது. 1883இல் ஆண்ட்ரூ மேர்ன்ஸ் என்ற பாதிரியார் வெளியிட்ட ஒரு பென்னி சிறுபிரசுரம், ஒரே அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் நெருங்கிக் கிடப்பதைச் சொல்லி நகரத்தை உலுக்கியது. அதன் விளைவாகத் தொழிலாளர் குடியிருப்புகள் பற்றி அரச ஆணையம் அமைந்தது. 1886 பிப்ரவரியில் வேலையற்றோர் கூட்டம் மேற்கு லண்டன் மனமகிழ் மன்றங்களின் ஜன்னல்களை நொறுக்கியது. கிழக்கு லண்டனிலிருந்து ஒரு பெரும் படை எந்த நேரத்திலும் கிளம்பிவரும் என்று செல்வந்தர்கள் நடுங்கினார்கள்.

பூத் லிவர்பூல்காரர். 1840இல் பிறந்தவர். அண்ணனோடு தோல் வியாபாரம். லிவர்பூலுக்கும் அமேசான் கரைக்கும் இடையே நீராவிக் கப்பல்கள். மனைவி மேரி, நமக்குத் தெரிந்த மெக்காலேயின் தம்பி மகள். சமதர்மத் தலைவர் ஹைண்ட்மன், லண்டனில் கால்வாசிப் பேர் கடும் வறுமையில் இருப்பதாகச் சொன்னதாகவும், அது மிகை என்று நிரூபிக்கவே பூத் சொந்தச் செலவில் ஆய்வில் இறங்கியதாகவும் ஒரு கதை வழங்கிவருகிறது. கதையைச் சொன்னவர் ஹைண்ட்மனேதான், அதுவும் பல ஆண்டுகள் கழித்துத் தம் நினைவுக்குறிப்பில். பிற்கால வரலாற்றாசிரியர்கள் இதை அவ்வளவாக நம்புவதில்லை. கதை எப்படியிருந்தாலும் பூத்துக்குக் கிடைத்த விடை கால்வாசியைத் தாண்டியது. கிழக்கு லண்டனில் 35 சதவீதம். பிறகு நகரம் முழுவதையும் கணக்கிட்டபோது 30.7 சதவீதம். 42 லட்சம் பேர் வாழ்ந்த, உலகின் மிகப் பணக்கார நகரத்தில் ஏறத்தாழ 13 லட்சம் ஏழைகள்.

இதை அவர் எப்படி எண்ணினார்? 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கும் அலுவலர்கள் இருந்தார்கள். ஒரே வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றி, எந்த வீட்டில் யார், தகப்பனுக்கு என்ன தொழில், பிள்ளைகள் எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தவர்கள். பூத்தும் அவருடைய உதவியாளர்களும் அவர்களை இரவு இரவாக உட்காரவைத்துத் தெருத்தெருவாக, வீடுவீடாகக் கேட்டு எழுதினார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பங்களைப் பற்றித் தெரிந்ததைக் கொண்டு பிள்ளைகள் இல்லாத குடும்பங்களையும் கணித்தார்கள். மக்களை ஏ முதல் எச் வரை எட்டு வகுப்புகளாகப் பிரித்தார்கள். நடுத்தர அளவுள்ள குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வருமானம் இருந்தால் ‘ஏழை’. அதற்கும் கீழே ‘மிக ஏழை’. சி, டி இரண்டும் ஏழைகள். பி மிக ஏழைகள். ஏ என்பது ரவுடிகள், ஊர்சுற்றிகள், எப்போதாவது கூலிக்குப் போகிறவர்கள்.

இந்தக் கோடு கேட்பதற்குத்தான் கறாரானது. பெரும்பாலான வீடுகளில் வருமானத்தை யாரும் கேட்கவேயில்லை. வாசலில் நின்று பார்த்த அலுவலரின் கண் சொன்னதே தீர்ப்பு. எழுத்தாளரோ தெரு வியாபாரியோ பேசிய இடத்தில் இப்போது அரசு அலுவலர் பேசினார். 1889இல் வெளிவந்த வறுமை நிலப்படத்தில் தெருவாரியாக வண்ணம் தீட்டப்பட்டிருந்தது: செல்வர்களுக்கு மஞ்சள், வசதியுள்ள நடுத்தட்டுக்குச் சிவப்பு, ஓரளவு சுகமாக வாழ்வோருக்கு இளஞ்சிவப்பு, கலப்பான தெருவுக்கு ஊதா, ஏழைக்கு வெளிர்நீலம், மிக ஏழைக்குக் கருநீலம், குற்றவாளிகளும் ‘கெட்டவர்களும்’ வசிப்பதாகக் கருதப்பட்ட தெருவுக்குக் கறுப்பு. முதல் ஆறு வண்ணங்கள் வசதியைச் சொல்கின்றன. ஏழாவது குணத்தைச் சொல்கிறது. 1890களின் இறுதியில் படத்தைத் திருத்தியபோது பூத்தின் ஆட்கள் போலீஸ்காரர்களோடு நடந்து தகவல் திரட்டினார்கள். 1902-03இல் முடிந்த முழுப் பதிப்பு 17 தொகுதிகள். அந்தக் குறிப்பேடுகள் இன்றும் லண்டன் பொருளியல் கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. நிலப்படத்தைவிட அவற்றில் உயிர் அதிகம் என்பது என் எண்ணம். ஜன்னல் திரை, வாசலில் கிடக்கும் ரொட்டித் துண்டு, செருப்பில்லாத பிள்ளைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

இருந்தும் அந்த எண்கள் இரண்டு பெரிய வேலைகளைச் செய்தன. செல்வந்தர்கள் பயந்து நடுங்கிய ஏ வகுப்பு, கிழக்கு லண்டனில் ஒன்றேகால் சதவீதம்தான் என்று தெரிந்தது. படையெடுத்து வரப் படையே இல்லை. இரண்டாவது இன்னும் முக்கியம். ஏறத்தாழ 4,000 குடும்பங்களின் வறுமைக்குக் காரணம் என்னவென்று பூத் பிரித்துப் பார்த்தார். மிக அடியிலிருந்த ஏ, பி வகுப்புகளிலேயே 55 சதவீதத்துக்குக் காரணம் வேலை: நிலையற்ற வேலை, குறைந்த கூலி. நோயும் பெரிய குடும்பமும் 27 சதவீதம். குடியும் ஊதாரித்தனமும் 14 சதவீதம். வேலை செய்யவே மாட்டேன் என்று திரிந்தவர்கள் 4 சதவீதம். சி, டி வகுப்புகளில் வேலைதான் காரணம் என்பது 68 சதவீதமாக உயர்ந்தது. 1834இன் சட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ அவர்கள், தேடிப்பார்த்தபோது, நூற்றுக்கு நான்கு பேர்.

பூத் தம் எண்களைக் கண்டு தாமே பின்வாங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பி வகுப்பினர் மற்றவர்களின் கூலியையும் கீழே இழுக்கிறார்கள். அவர்களை நகரத்திலிருந்து பெயர்த்துத் தொழில் குடியிருப்புகளில் அரசு மேற்பார்வையில் வைத்துவிடலாம் என்றார். வறுமைக்குக் காரணம் வேலைச்சந்தை என்று கண்டுபிடித்தவர் தீர்வாகச் சொன்னது ஆட்களை அகற்றுவது. முதியோர் விஷயத்தில் அவர் மனம் திறந்தே இருந்தது. கிழவர்களின் வறுமைக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லை, எல்லாருக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்று 1890கள் முழுக்க வாதாடினார். 1908இல் சட்டம் வந்தது: எழுபது வயதானவர்களுக்கு வாரம் அதிகபட்சம் ஐந்து ஷில்லிங்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடலாம். 1890இல் இங்கிலாந்தின் இருளைப் பற்றி நூலெழுதி, மூழ்கிக் கிடக்கும் பத்தில் ஒரு பங்கினரைக் கரையேற்றத் திட்டம் போட்ட பூத் வேறு. அவர் இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத். நாகர்கோவில் காதரின் பூத் மருத்துவமனை அந்தச் சேனையினுடையது. சார்ல்ஸுக்கும் அவருக்கும் உறவில்லை. ஆனால் வில்லியம் தம் நூலில் சார்ல்ஸின் எண்களைப் பயன்படுத்திக்கொண்டார்.

பூத்தின் ஆய்வுக் குழுவில் பெண்கள் இருந்தார்கள். மேரி பூத்தின் உறவினரான பியாட்ரிஸ் பாட்டர் (பின்னாளில் பியாட்ரிஸ் வெப்) கப்பல் துறைத் தொழிலாளர் பற்றி எழுதினார். 1888இல் பழந்துணி உடுத்தி, கிழக்கு லண்டன் தையல் பட்டறைகளில் கால்சட்டை தைக்கும் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். தையல் சுமார்தான். அதே ஆண்டின் இறுதியில், ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளால் ஒயிட்சேப்பலே நடுங்கிக்கொண்டிருந்தபோது, கிளாரா காலெட் அங்கே போய்த் தங்கிப் பெண்களின் வேலைகளைப் பற்றி ஆராய்ந்தார். அந்தக் கோடையில்தான் பவ் பகுதித் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் கூலி, அபராதம் பற்றி அன்னி பெசன்ட் தம் சிறு பத்திரிகையில் எழுத, அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அடையாறு அறிந்த பெசன்ட் அம்மையாரின் முந்தைய பிறவி இது. அடுத்த ஆண்டு கப்பல் துறைத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு நின்று வாங்கினார்கள். ஆய்வாளர்கள் பரிதாபத்துக்குரியவர்களாக வரைந்தவர்கள், ஆய்வு அச்சேறிக்கொண்டிருக்கும்போதே தங்கள் கணக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள்.

லண்டன் அசாதாரணமான நகரம், அங்கே கண்டது வேறெங்கும் பொருந்தாது என்று சொல்லித் தப்ப ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவர், தொடக்கத்தில் சொன்ன சாக்லேட் முதலாளியின் மகன் சீபோம் ரவுண்ட்ரீ. யார்க் நடுத்தரமான, பழைய தேவாலய நகரம். குடும்பத் தொழிற்சாலை அங்கேதான். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த ரவுண்ட்ரீ வேதியியல் படித்தவர், அளவையில் பித்துக் கொண்டவர். 1899இல் யார்க்கின் தொழிலாளர் குடும்பங்கள் அனைத்தையும் வீடு வீடாக விசாரிக்கச் செய்தார்: 11,560 குடும்பங்கள், 46,754 பேர். மாதிரி எடுத்துப் பெருக்குவது இல்லை, முழுக் கணக்கு.

பூத்தின் தளர்ந்த கோட்டை ரவுண்ட்ரீ இறுக்கிக் கட்டினார். உழைக்கும் ஆணுக்கு நாளைக்கு 3,500 கலோரி என்று அமெரிக்க உணவியலாளர் ஆட்வாட்டரின் ஆய்வை ஒட்டிக் கொண்டார். அந்தக் கலோரியை மிக மலிவாகத் தரும் சாப்பாடு எது? ஏழையர் விடுதிகளுக்கு அரசு வகுத்த உணவுப் பட்டியலை எடுத்து, அதிலிருந்து கசாப்புக் கடை இறைச்சியையும் நீக்கினார். ரொட்டி, கஞ்சி, உருளைக்கிழங்கு, பருப்பு, கொஞ்சம் உப்புக்கண்டப் பன்றி, கொழுப்பெடுத்த பால். இரவில் கோகோ உண்டு. கோகோ வியாபாரியின் மகனல்லவா! பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு உணவு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகை 4 ஷில்லிங், துணி, விளக்கு, எரிபொருள் முதலிய சில்லறைச் செலவு 4 ஷில்லிங் 11 பென்ஸ். ஆக வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ். யார்க்கில் கைத்தொழில் பழகாத கூலிக்காரனின் சராசரி வாரக்கூலி அப்போது 18 முதல் 21 ஷில்லிங். கணக்கைப் போட்ட இடத்திலேயே பதில் வந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் என்ன இல்லை என்பதை ரவுண்ட்ரீயே அடுக்கிக் காட்டினார். பஸ் கட்டணம் இல்லை, செய்தித்தாள் இல்லை, வெளியூரிலிருக்கும் மகனுக்குக் கடிதம் போடத் தபால்தலை இல்லை, தேவாலயத்துக்குக் காணிக்கை இல்லை, பிள்ளைக்குப் பொம்மை இல்லை, புகையிலையும் பீரும் இல்லை. இப்படி எந்த மனிதனும் வாழ மாட்டான் என்று அவருக்குத் தெரியும். குடியையும் ஊதாரித்தனத்தையும் காரணம் சொல்கிறவர்களின் வாயை அடைக்க, சல்லிக்காசு வீணாக்காத ஒரு கற்பனைக் குடும்பத்தை அவர் உருவாக்கினார். அந்தக் குடும்பத்துக்கும் போதாத வருமானம் உள்ளவர்களை ‘முதல்நிலை வறுமை’யில் வைத்தார்: 7,230 பேர், தொழிலாளர் வர்க்கத்தில் 15.46 சதவீதம். இவர்களின் வறுமைக்குக் காரணங்களில் குறைந்த கூலி 51.96 சதவீதம், நான்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் 22.16, சம்பாதிக்கும் தலைவரின் சாவு 15.63, நோயும் முதுமையும் 5.11. வேலையே இல்லாமை 2.31தான்.

வருமானம் கோட்டுக்கு மேலிருந்தும் பார்வைக்கே வறுமை தெரிந்த குடும்பங்களை ‘இரண்டாம்நிலை வறுமை’ என்றார். அவர்கள் 13,072 பேர். இரண்டையும் கூட்டினால் யார்க்கின் மொத்த மக்களில் 27.84 சதவீதம், பூத்தின் லண்டன் எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. இந்த ஒற்றுமையை அக்காலம் வியந்து கொண்டாடியது. எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. முதல்நிலை கலோரியால் அளக்கப்பட்டது. இரண்டாம்நிலை, விசாரணைக்குப் போனவர் வீட்டின் அழுக்கையும் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்து முடிவுசெய்தது. இரு வேறு முழக்கோல்களால் அளந்த நிலத்தைக் கூட்டிப் பட்டா எழுதியது போல. ஏழையர் தொண்டு வட்டாரத்தைச் சேர்ந்த ஹெலன் பொசங்கெட் இதை அப்போதே சுட்டிக்காட்டினார். அவரது அரசியல் எனக்கு உவப்பானதல்ல. இந்தக் கேள்வி நியாயமானது.

ஆனால் ரவுண்ட்ரீயின் நூலில் எண்களுக்கு நடுவே சில குடும்பங்களின் வரவுசெலவுக் குறிப்புகள் இருக்கின்றன. மேஹ்யூவுக்குப் பிறகு அங்கேதான் மறுபடி ஒரு பெண் பேசுகிறாள். பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்க வேண்டியிருந்தால் அவளும் பிள்ளைகளும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுவார்கள். வேலைக்குப் போகும் கணவனின் சாப்பாட்டில் மட்டும் கைவைப்பதில்லை. அவனுக்கு இது தெரியவும் தெரியாது. குடும்பத்தை ஓர் அலகாக வைத்து எண்ணும் எந்தக் கோடும் இந்தப் பசியைப் பிடிக்காது. தொழிலாளியின் வாழ்வில் வறுமை மூன்று முறை வந்துபோவதையும் ரவுண்ட்ரீ வரைந்து காட்டினார்: தான் சிறுபிள்ளையாக இருக்கும்போது, தன் பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது, பிள்ளைகள் மணமாகிப் போய்த் தான் கிழடாகும்போது. ஒரு நாளில் 28 சதவீதம் என்றால், ஆயுளில் ஒரு கட்டத்திலாவது அதில் விழுந்தவர்கள் அதைவிட மிக அதிகம். அவர் நூலிலேயே மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பேன்.

விளைவுகள் விரைவாக வந்தன. போயர் போருக்கு ஆளெடுக்கப் போன இடத்தில் ஏழை இளைஞர்கள் உடல் தகுதியின்றித் திரும்ப அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பேரரசைக் காக்க உடம்பு வேண்டுமே என்ற கவலை, இரக்கத்தால் முடியாததைச் செய்தது. 1906இல் பள்ளிகளில் சாப்பாடு போட உள்ளாட்சிகளுக்கு அனுமதி, 1909இல் சில தொழில்களில் குறைந்தபட்சக் கூலி, 1911இல் தேசியக் காப்பீடு.

ரவுண்ட்ரீயின் நூல் வந்த அதே 1901இல், அதே லண்டனில், தாதாபாய் நௌரோஜியின் ‘இந்தியாவின் வறுமையும் பிரிட்டிஷ் தன்மையற்ற ஆட்சியும்’ வெளிவந்தது. அதன் மையமான கணக்கு அதற்கும் கால் நூற்றாண்டு முந்தியது. இந்தியரின் தலைக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கணித்த நௌரோஜி, ஒரு மனிதன் உயிரோடிருக்க எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கடல்கடந்து போகும் கூலிகளுக்கு அரசு மருத்துவர் வகுத்த உணவு அளவையும், சிறைக் கைதிகளுக்கு அரசு செய்யும் செலவையும் எடுத்துக்கொண்டார். குற்றவாளிக்குக் கிடைப்பதுகூடக் குடிமகனுக்கு இல்லை என்பது அவர் வாதம். யார்க் ஆய்வாளருக்கு ஏழையர் விடுதி, நௌரோஜிக்குச் சிறை. அரசாங்கமே தன் கையால் அளந்துபோட்ட சோற்றை வைத்து அரசாங்கத்தை மடக்கினார்கள் இருவரும். சாதுரியமான உத்தி. ஆனால் எதிராளியின் வாயை அடைக்கப் போட்ட கோடு, நாளடைவில் அரசாங்கங்களுக்கே வசதியான கோடாகிவிட்டது. 1979இல் இந்தியத் திட்டக்குழுவின் பணிக்குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வகுத்ததும் இந்த வழியில் வந்ததுதான்.

ஆங்கிலேய ஆய்வு மரபின் இன்னொரு கிளை சென்னைக்கே வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915இல் பொறுப்பேற்றார். மாணவர்களின் கையில் கேள்விப்பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். 1918இல் வெளிவந்த அந்தத் தொகுப்பால்தான் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பிப் போய்ப் பார்க்கும் ஊரானது.

ரவுண்ட்ரீ நெடுநாள் வாழ்ந்தார், 1954இல் இறந்தார். 1936இல் யார்க்கை மீண்டும் கணக்கெடுத்தபோது தம் பழைய பட்டியல் அவருக்கே போதவில்லை. செய்தித்தாள், வானொலி, புகையிலை, பீர், பரிசுப்பொருள், விடுமுறைச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து ‘மனிதத் தேவைகள்’ என்று புதுக்கோடு வரைந்தார். அந்த ஆண்டு யார்க் தொழிலாளர்களில், 1899இன் கோட்டின்படி ஏழைகள் 6.8 சதவீதம். புதிய கோட்டின்படி 31.1 சதவீதம்.